வீட்டு சர்வரும் ஒரு நீண்ட வரிசையும்

பள்ளிக்கூடக் குழுப்படங்களைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு உங்களில் சிலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். “அத்தனை படங்களையும் வீட்டிலேயே ஒரு சின்னப் பெட்டியில் வைத்து எல்லாருக்கும் காட்டுகிறீர்களாமே, வீட்டு இன்டர்நெட் தாங்குகிறதா?” ஆரம்பத்தில் தாங்கவில்லை. ஏன் தாங்கவில்லை என்று தேடிப் போனபோது ஒரு சரித்திரமே கிடைத்தது. அதில் பிரான்ஸ் வருகிறது, அமெரிக்கா வருகிறது, அரசாங்க அலுவலகத்தில் காலம் தள்ளியவர்களுக்கு நன்றாகத் தெரிந்த வரிசையும் வருகிறது. இந்த முறை அதைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் எண்கள் வரும். எல்லாம் நாலாம் வகுப்புக் கணக்குதான், பயப்பட வேண்டாம்.

முதலில் அந்தப் பெட்டி எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி நம் ஊர் சட்டப்படி இந்தியாவுடன் சேர்ந்தது. இங்கே பிறந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்பது ஒப்பந்தம். ஒரே வீட்டில் அண்ணன் எழுதிக் கொடுத்தார், தம்பி எழுதிக் கொடுக்கவில்லை. என்னோடு பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர்களில் பலர் பின்னாளில் துலோன், மர்சேய், பாரிஸ் என்று போய்விட்டார்கள். அவர்களுடைய அம்மா அப்பா படங்கள், கல்யாணப் பத்திரிகைகள், வகுப்புப் படங்கள் எல்லாம் இங்கே யாரோ ஒரு சித்தி வீட்டுப் பரணில் தூங்கிக்கொண்டிருந்தன. நான் ஓய்வு பெற்ற பிறகு வீடு வீடாகப் போய் அவற்றை வாங்கி ஸ்கேன் செய்து திருப்பிக் கொடுத்தேன்.

கொடுத்தவர்களில் பலர் ஒரு நிபந்தனை போட்டார்கள். “தம்பி, பார்க்கிறவங்க பார்க்கட்டும். ஆனா எந்தக் கம்பெனிக்கும் தூக்கிக் கொடுத்துடாதே, உன் வீட்டுலயே இருக்கட்டும்” என்றார் ஒரு மூதாட்டி. நானும் சரி என்று வாக்குக் கொடுத்தேன். அதனால்தான் இலவசமாக இடம் கொடுக்கும் பெரிய கம்பெனிகளிடம் போகாமல், உள்ளங்கை அகல ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, ஒரு ஹார்டு டிஸ்க்கை மாட்டி, வீட்டுக் கூடத்திலேயே சர்வராக ஓட விட்டேன். சர்வர் என்றால் பரிமாறுகிறவன். வெளியிலிருந்து யாராவது ஒரு படத்தைக் கேட்டால் எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. வாரநாட்களில் ஒரு தொந்தரவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி வந்தால் போதும், வீட்டில் இன்டர்நெட் செத்துவிடும். லியோனில் இருக்கும் மகளோடு என் மனைவி வீடியோவில் பேசுகிற நேரமும் அதுதான். “பொண்ணு முகம் கல்லு மாதிரி நிக்குது. உங்க பொட்டிய நிறுத்துங்க” என்று குரல் வரும். நிறுத்தினால் உடனே சரியாகும். மறுபடி போட்டால் பத்து நிமிஷத்தில் பழைய கதை.

தொலைபேசி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து லைனைச் சோதித்தார். “சார், லைன்ல ஒரு குறையும் இல்ல. எட்டு எம்பி காட்டுது பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது உண்மைதான். பக்கத்து வீட்டில் எஞ்சினியரிங் படிக்கும் பையன், “தாத்தா, இந்த மெஷின் சின்னது. பெருசா ஒண்ணு வாங்குங்க” என்றான். பெரிதாக வாங்குவதற்கு முன் சின்னது என்ன செய்கிறது என்று பார்ப்போமே என்று, ஒரு ஞாயிறு மாலை நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன்.

பார்த்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். ஒன்று, நெட் படுத்துக் கிடந்த நேரத்தில் சர்வரின் மூளை நூற்றுக்கு ஐந்து பங்குகூட வேலை செய்யவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தது. ஆக, மெஷின் சின்னது என்பது காரணமில்லை. இரண்டு, சர்வரின் வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். கேட்டவர்களில் பெரும்பாலோர் பிரான்ஸில் இருந்தார்கள். நமக்கு மாலை ஆறு என்றால் அங்கே குளிர்காலத்தில் பகல் ஒன்றரை, கோடையில் இரண்டரை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து குடும்பத்தோடு உட்கார்ந்து பழைய படம் பார்க்கிற நேரம். மூன்று, ‘பிங்’ என்று ஒரு சோதனை உண்டு. வெளியே ஒரு கம்ப்யூட்டரைக் கூப்பிட்டு, பதில் வர எத்தனை நேரம் ஆகிறது என்று பார்ப்பது. சர்வர் நின்றிருக்கும்போது 40 மில்லிசெகண்ட். ஓடும்போது 2,500 மில்லிசெகண்ட். அதாவது ஒரு “அலோ”வுக்குப் பதில் வர இரண்டரை வினாடி.

நான்காவது சோதனைதான் விஷயத்தைத் தெளிவாக்கியது. சர்வரின் கேபிளைப் பிடுங்கிவிட்டு, என் மேஜைக் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பெரிய கோப்பை வெளியே அனுப்பினேன். சர்வரே இல்லாமல் அதே 2,500 வந்தது. ஆகவே குற்றவாளி சர்வர் இல்லை. இந்த வீட்டிலிருந்து எது வெளியே போனாலும் இதேதான் நடக்கிறது.

லைனில் எட்டு எம்பி என்பது உள்ளே வருகிற வேகம், நொடிக்கு 80 லட்சம் பிட். வெளியே போகிற வேகத்தை அளந்தால் 8 லட்சம் பிட்தான் இருந்தது. உள்ளே வர பத்துப் பங்கு அகலம், வெளியே போக ஒரு பங்கு. நான் ஸ்கேன் செய்த ஒரு படம் சுமார் 4 மெகாபைட், அதாவது 3 கோடியே 20 லட்சம் பிட். ஒரே ஒரு படம் வெளியே போக 40 வினாடி. துலோனில் ஒரு குடும்பம் பத்துப் படங்களைத் திறந்தால் ஏழு நிமிஷத்துக்கு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும்.

வீட்டு லைனை யார் இப்படிப் பாதி மூடி வைத்தது? இங்கேதான் சரித்திரம் ஆரம்பிக்கிறது.

1989இல் பாரிஸ் புறநகரில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு பழுப்பு நிறப் பெட்டி இருந்தது. மினிட்டெல். பிரெஞ்சு அரசின் தொலைத்தொடர்புத் துறை, தடிமனான டெலிபோன் டைரக்டரிக்குப் பதிலாக வீடுகளுக்கு இலவசமாகக் கொடுத்த திரை அது. 1980இல் சேன்-மாலோ ஊரில் ஒரு சில வீடுகளில் சோதித்துப் பார்த்து, 1982லிருந்து பரவலாகக் கொடுத்தார்கள். சேன்-மாலோ நமக்கு அந்நியமான ஊர் இல்லை. 1746இல் சென்னையைப் பிடித்த மாஹே த லபூர்தொனே பிறந்த ஊர். அவர் பெயரில் நம் ஊரில் ஒரு வீதியே இருக்கிறது. 1990களின் கடைசியில் பிரான்ஸில் சுமார் 90 லட்சம் மினிட்டெல் பெட்டிகள் இருந்தன. ரயில் டிக்கெட், வங்கிக் கணக்கு, பரீட்சை முடிவு எல்லாம் அதில் பார்த்தார்கள். நம் நாட்டில் பொதுமக்கள் கைக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்டில்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அண்ணி அதில் ஒரு பெயரைத் தட்டி, ‘ஆன்வுவா’ என்று எழுதியிருந்த பொத்தானை அமுக்குவார். அனுப்பு என்று அர்த்தம். கொஞ்சம் பொறுத்து, திரை மேலிருந்து கீழாக வரி வரியாக நிரம்பும். அந்தப் பெட்டியின் மோடம் உள்ளே வாங்குவது நொடிக்கு 1,200 பிட், வெளியே அனுப்புவது நொடிக்கு 75 பிட். ஒரு எழுத்துக்குப் பத்து பிட் என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு ஏழெட்டு எழுத்து. விரலால் தட்டுகிற வேகத்துக்கு அது போதும். வீட்டில் இருப்பவர் கேட்பார், அரசும் கம்பெனிகளும் பதில் தரும் என்பது ஏற்பாடு. வீட்டிலிருப்பவர் எதையாவது பரிமாறுவார் என்று யாரும் நினைக்கவில்லை.

அதே பத்தாண்டின் கடைசியில், பிரான்ஸுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் எல்லையில் உள்ள செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் வேறொரு யோசனை பிறந்தது. டிம் பெர்னர்ஸ்-லீ 1990இல் எழுதிய முதல் பிரவுசரில் பக்கங்களைப் படிக்கலாம், அதிலேயே எழுதவும் செய்யலாம். உலகின் முதல் வெப் சர்வர் அவருடைய அலுவலகக் கம்ப்யூட்டரேதான். இது சர்வர், அணைக்காதீர்கள் என்று சிவப்பு மையில் எழுதி அதன் மேல் ஒட்டி வைத்திருந்தார். வீட்டு வேலைக்கு வரும் அம்மாளுக்காக நானும் தமிழில் அப்படி ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்! வாசகனே எழுத்தாளனாகவும் இருக்கலாம் என்பதுதான் வலையின் முதல் எண்ணம்.

ஆனால் அந்த வலை வீடுகளுக்கு வந்து சேர்ந்தது மினிட்டெல் மாதிரியான கம்பியில். 1980களின் இறுதியில் அமெரிக்காவின் பெல்கோர் நிறுவனத்தில் ஜோசப் லெக்லைடர் என்ற எஞ்சினியர், பழைய தாமிரத் தொலைபேசிக் கம்பியில் எப்படி அதிகத் தகவலை அனுப்புவது என்று யோசித்தார். எக்ஸ்சேஞ்சில் நூற்றுக்கணக்கான கம்பிகள் ஒரே கட்டாக வந்து சேருகின்றன. ஒரு கம்பியில் புறப்படும் பலமான சத்தம், பக்கத்துக் கம்பியில் தூரத்திலிருந்து களைத்து வந்து சேரும் மெல்லிய சத்தத்தை அமுக்கிவிடும். வெளியே போகிற பங்கைக் குறைத்துவிட்டால் உள்ளே வருகிற பங்கை நிறைய ஏற்றலாம் என்று அவர் கண்டார். ஏடிஎஸ்எல் என்பதில் முதல் எழுத்து ‘ஏ’ அந்தச் சமமின்மையைத்தான் குறிக்கிறது. அப்போது மனதில் இருந்தது, தொலைபேசிக் கம்பி வழியாக வீட்டுக்குச் சினிமா அனுப்புவது. சினிமா பார்க்கிறவர் திருப்பி அனுப்ப என்ன இருக்கிறது? நல்ல எஞ்சினியரிங்தான், குறை சொல்ல மாட்டேன். நம் நாட்டின் 2004ஆம் வருடத்து பிராட்பேண்டு கொள்கையும் டவுன்லோடு வேகம் குறைந்தது 256 கிலோபிட் இருக்க வேண்டும் என்றுதான் வரையறுத்தது.

இதோடு கதை முடிந்துவிடவில்லை. வெளியே போகிற வழி குறுகல் என்றால், என் படங்கள் மெதுவாகப் போகட்டும். உள்ளே வருகிற பத்துப் பங்கு அகலப் பாதை காலியாகத்தானே இருக்கிறது? என் மகளின் முகம் ஏன் நின்றுபோக வேண்டும்?

பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டை வைத்து அனுப்புவோம் அல்லவா? இன்டர்நெட்டிலும் அதே முறைதான். எதை அனுப்பினாலும் சின்னச் சின்னப் பொட்டலமாக வெட்டி அனுப்புவார்கள். வந்து சேர்ந்தது என்று ஒப்புகை திரும்பிப் போனால்தான் அடுத்தது வரும். 1,500 பைட் பொட்டலம் இரண்டு வந்தால் 40 பைட் ஒப்புகை ஒன்று போகும். எட்டு எம்பி வேகத்தில் எதையாவது இறக்கினால் நொடிக்கு முந்நூறுக்கு மேல் ஒப்புகை வெளியே போக வேண்டும். உருவத்தில் அவை மிகச் சிறியவை. ஆனால் என் படங்களின் பொட்டலங்கள் நிற்கும் அதே வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். மகளின் முகத்துக்குப் பதிலாக இங்கிருந்து போகும் என் மனைவியின் குரலும் அதே வரிசையில்தான் நிற்கிறது. கதவு உள்ளே வருவதற்குத் திறந்துதான் இருக்கிறது. ஒப்புகை போய்ச் சேராததால் அந்தப் பக்கத்தில் இருப்பவன் அடுத்ததை அனுப்பாமல் காத்திருக்கிறான்.

அந்த வரிசை எங்கே நிற்கிறது? மோடத்துக்குள்ளே. அனுப்ப முடியாததை வைத்துக்கொள்ள அதில் ஒரு நினைவகம் உண்டு. 256 கிலோபைட் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மோடத்துக்கு அது சின்ன இடம்தான். நொடிக்கு 8 லட்சம் பிட் வேகத்தில் அது காலியாக இரண்டரை வினாடி ஆகும். என் பிங் சோதனையில் கிடைத்த எண்ணும் அதுதானே!

பொட்டலங்களைப் பற்றிச் சொல்லும்போது லூயி பூஸானைச் சொல்லாமல் போகக் கூடாது. 1970களின் தொடக்கத்தில் பிரான்ஸில் சிக்லாத் என்ற கம்ப்யூட்டர் வலையை அமைத்தவர். பாதையில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் பொட்டலத்தைப் பார்த்தவுடன் தள்ளிவிட்டால் போதும், ஒழுங்காகச் சேர்ந்ததா என்று கணக்குப் பார்ப்பது இரண்டு முனைகளின் பொறுப்பு என்பது அவர் யோசனை. வலையின் உள்பகுதிக்கு சிகால் என்று பெயர். சில்வண்டு என்று சின்ன வகுப்பில் நாம் படித்த அதே வார்த்தைதான். பொட்டலம் கடக்கும்போது கம்ப்யூட்டர்களில் பொருத்திய ஸ்பீக்கர் சில்வண்டு மாதிரிச் சத்தம் போட்டதால் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். பிரெஞ்சுத் தொலைபேசித் துறை வேறு முறையை விரும்பியது, சிக்லாத்துக்குப் பணம் நின்றது. ஆனால் பூஸானின் யோசனையை அமெரிக்காவில் வின்ட் செர்ஃபும் ராபர்ட் கானும் எடுத்துக்கொண்டார்கள். 2013இல் இங்கிலாந்து ராணியின் பெயரிலான முதல் எஞ்சினியரிங் பரிசு இவர்கள் மூவரோடு பெர்னர்ஸ்-லீக்கும் மார்க் ஆண்ட்ரீசனுக்கும் கிடைத்தது.

இந்த முறையில் ஒரு ஆபத்தும் இருந்தது. 1986 அக்டோபரில் கலிபோர்னியாவில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு 40 பிட்டுக்கு விழுந்தது. எண்ணூறில் ஒரு பங்கு. இரண்டு இடங்களுக்கும் நடுவே 400 கஜ தூரம்தான். கடற்கரை காந்தி சிலையிலிருந்து பாரதி பூங்கா வரை நடப்பது போலத்தான். கடிதத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம்.

வான் ஜேகப்சன் என்பவர் இதை ஆராய்ந்தார். நடந்தது இதுதான். ஒப்புகை வரத் தாமதமானால், அனுப்பியவன் பொட்டலம் தொலைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி அனுப்புவான். எல்லாரும் அப்படிச் செய்தால் வலை முழுக்க நகல்கள். அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது புரியும். ஒரு மனுவுக்குப் பதில் தாமதமானால் ரிமைண்டர் வரும், அதற்கு ஒரு இன்வர்ட் நம்பர். இரண்டாவது ரிமைண்டருக்கு இன்னொரு நம்பர். கடைசியில் குமாஸ்தா மனுவைப் பார்க்காமல் ரிமைண்டருக்கு நம்பர் போட்டுக்கொண்டே இருப்பார். ஜேகப்சன் 1988இல் தந்த மருந்து எளிமையானது. கொஞ்சமாக அனுப்பி ஆரம்பி, ஒப்புகை வர வர ஏற்று, ஒரு பொட்டலம் தொலைந்தால் உடனே குறைத்துக்கொள். இன்றும் நம் ஃபோன்களும் கம்ப்யூட்டர்களும் இந்த வழியில் வந்த ஒழுக்கத்தைத்தான் கடைப்பிடிக்கின்றன.

இந்த மருந்து வேலை செய்ய ஒரு விஷயம் வேண்டும். இடம் இல்லாதபோது நடுவில் இருப்பவன் பொட்டலத்தை வாங்க மறுத்துக் கீழே போட வேண்டும். அதுதான் அனுப்புகிறவனுக்குச் செய்தி. ஜான் நேகல் என்ற எஞ்சினியர் 1985இலேயே இதைப் பற்றி எழுதியிருந்தார். பொட்டலங்களை வைத்துக்கொள்ள எல்லையில்லாத இடம் கொடுத்தால் வலை நன்றாக ஓடுமா? ஓடாது என்றார். வரிசை நீண்டுகொண்டே போய், வெளியே வருவதற்குள் ஒவ்வொரு பொட்டலத்தின் ஆயுளும் முடிந்துவிடும் என்பது அவர் வாதம். அதே கட்டுரையில் ஒவ்வொரு அனுப்புநருக்கும் தனி வரிசை வைத்து முறைபோட்டு எடுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

பின்னால் மெமரி சிப் விலை சரிந்தது. மோடம் செய்கிறவர்கள், எதையும் தொலைக்காமல் இருப்பது நல்லதுதானே என்று தாராளமாக நினைவகம் வைத்தார்கள். மோடம் எதையும் மறுக்கவில்லை. எல்லாவற்றையும் வாங்கி அடுக்கியது. அனுப்புகிறவனுக்கு நெரிசல் என்ற செய்தியே போகவில்லை, அவன் வேகத்தைக் குறைக்கவில்லை.

எங்கள் தபால் பிரிவில் ஒருவர் இருந்தார். யார் எதைக் கொண்டுவந்தாலும் சிரித்த முகத்தோடு வாங்கி அலமாரியில் வைப்பார். மனு கொடுத்தவருக்குத் திருப்தி. பக்கத்து மேஜைக்காரர், “இந்த மாசம் முடியாது, அடுத்த மாசம் வாங்க” என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்வார். ஊரில் அவருக்குக் கெட்ட பெயர். ஆனால் வேலை நடந்தது அவர் மேஜையில்தான். மோடத்தைப் பற்றிப் படித்தபோது அந்த இருவரும் நினைவுக்கு வந்தார்கள்.

2010இல் பெல் லேப்ஸில் வேலை பார்த்த ஜிம் கெட்டிஸ் தன் வீட்டிலிருந்து ஒரு பெரிய பழைய தொகுப்பை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார். பிங் ஒரு வினாடிக்கு மேல் போனதைப் பார்த்தார். நெட் மெதுவாக இருக்கிறதே என்று அவர் பிள்ளைகளும் முறையிட்டு வந்தார்கள். இன்டர்நெட்டைக் கட்டியவர்களில் சிலரையே அழைத்துக் கேட்டு, கோளாறு வரிசையில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதற்கு பஃபர்புளோட் என்று பெயர் வைத்தார். வயிறு உப்பிப்போன நினைவகம் என்று சொல்லலாம். என் மனைவியின் புகாரும் அவர் பிள்ளைகளின் புகாரும் ஒன்றே என்று தெரிந்தபோது எனக்குப் பெரிய ஆறுதல்.

2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் அதே வான் ஜேகப்சனும் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசையில் எத்தனை பொட்டலம் நிற்கிறது என்று அது எண்ணுவதில்லை. ஒவ்வொன்றும் எத்தனை நேரம் நின்றது என்று பார்க்கும். 5 மில்லிசெகண்டுக்கு மேலான காத்திருப்பு 100 மில்லிசெகண்டு வரை குறையாமல் நீடித்தால், பொட்டலங்களைக் கீழே போட ஆரம்பிக்கும். அனுப்புகிறவனுக்குச் செய்தி போய்விடும். அதே வருஷம் எரிக் துமாஸே என்ற எஞ்சினியர் நேகலின் தனி வரிசை யோசனையையும் இதையும் சேர்த்து லினக்ஸில் எழுதினார். எப்போதாவது வரும் சின்னப் பொட்டலத்துக்கு அதில் முன்னுரிமை உண்டு. 1985இல் சொன்ன யோசனை வீட்டு ரவுட்டருக்கு வந்து சேர 27 வருஷம் ஆகியிருக்கிறது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். மோடத்தை மாற்ற முடியாது. அதனால் அதற்கு முன்னால், ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் ஏற்றக்கூடிய ஒரு ரவுட்டரை வைத்தேன். பக்கத்து வீட்டுப் பையன்தான் ஏற்றிக் கொடுத்தான். அதில் எஸ்க்யூஎம் என்ற பகுதியில் வெளியே போகும் வேகத்தை 800க்குப் பதில் 700 கிலோபிட் என்று குறித்தோம். தன்னால் அனுப்ப முடிந்ததைவிடக் குறைவாகவே வருவதால் மோடத்தில் வரிசையே சேராது. வரிசை என் ரவுட்டரில் நிற்கும். அங்கே கோடெல் இருக்கிறது. வேகத்தைக் குறைத்து வேகத்தைப் பெறுவதா என்று பையன் நம்பவில்லை. சர்வரை ஓடவிட்டு பிங் பார்த்தோம். 2,500 இருந்த இடத்தில் 60 வந்தது. “தாத்தா, காலேஜ்ல இத யாரும் சொல்லல” என்றான். பெரிய படம் ஒன்று போக முன்பு 40 வினாடி, இப்போது 46. யாரும் கவனிக்கவில்லை.

கூடவே இரண்டு வேலை செய்தேன். ஒவ்வொரு படத்துக்கும் 300 கிலோபைட்டில் ஒரு சின்னப் பிரதி வைத்தேன். முதலில் அது போகும், பெரியது வேண்டும் என்பவர் தனியாகக் கேட்கலாம். இன்னொன்று, தேடுபொறிகளின் எந்திரங்கள் இரவும் பகலும் வந்து எல்லாப் படங்களையும் அள்ளிக்கொண்டிருந்தன. வர வேண்டாம் என்று அவற்றுக்குச் சொல்ல 1994லிருந்தே ஒரு வழக்கம் உண்டு, ரோபோட்ஸ் என்ற பெயரில் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு. வாசலில் ஒட்டிய அறிவிப்பு மாதிரி. மரியாதையுள்ளவை அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போயின.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றில்தான் துலோனிலிருந்து ஒரு மெயில் வந்தது. 1961ஆம் வருடத்து வகுப்புப் படத்தில் இரண்டாம் வரிசையில் பெயர் தெரியாமல் நான் கேள்விக்குறி போட்டு வைத்திருந்த பையன் தன் தம்பி என்றும், அவன் படம் வேறு எதுவும் குடும்பத்தில் இல்லை என்றும் ஒருவர் எழுதியிருந்தார். பெரிய பிரதியைக் கேட்டார். 46 வினாடியில் போய்ச் சேர்ந்தது.

மினிட்டெல் 2012 ஜூன் 30ஆம் தேதி மூடப்பட்டது. தாமிரக் கம்பியும் எங்கள் தெருவில் போய்விட்டது, இப்போது ஃபைபர். உள்ளே வருவதும் வெளியே போவதும் சம வேகம். ஆனால் புதிதாக ஒரு சிக்கல். பழைய வகை இன்டர்நெட் முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான், அவற்றின் கடைசித் தொகுதிகளை 2011 பிப்ரவரியில் பிரித்துக் கொடுத்து முடித்துவிட்டார்கள். அதனால் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே முகவரியைக் கொடுக்கிறார்கள். வீட்டிலிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து வருகிறவர் கதவைத் தட்ட முடியாது. தனி முகவரிக்கு மாதாமாதம் பென்ஷனிலிருந்து கொஞ்சம் தனியாகக் கட்டுகிறேன். வீட்டில் இருப்பவனும் பரிமாறலாம் என்ற உரிமையை ஒவ்வொரு காலத்திலும் இப்படிக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. வாக்குக் கொடுத்த மூதாட்டி இப்போது இல்லை. வாக்கு இருக்கிறது.

கடைசியாக உங்கள் வீட்டுக்கு ஒரு குறிப்பு. சர்வர் இல்லாத வீட்டிலும் இது நடக்கும். கல்யாண வீட்டிலிருந்து வந்ததும் உங்கள் ஃபோன், எடுத்த படங்களையெல்லாம் தானாக வெளியே அனுப்ப ஆரம்பிக்கும். அப்போது நெட் தடுமாறினால் புது இணைப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன், பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு, அனுப்புகிற வேலை எதுவும் நடக்காதபோது ஒரு பிங், நடக்கும்போது ஒரு பிங் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருந்தால் ரவுட்டரில் எஸ்க்யூஎம் இருக்கிறதா என்று கேளுங்கள். பிரான்ஸில் மினிட்டெல் பயன்படுத்தியவர்கள் உங்களில் இருந்தால் எனக்கு எழுதுங்கள், அடுத்த முறை சேர்த்துக்கொள்கிறேன்.